இடைக்காலத் தடை: தீர்ப்பு வரும்வரை யார் காத்திருப்பது?

வழக்கு என்றாலே வருடக்கணக்கில் இழுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேலை போனவரின் வீட்டு வாடகை தீர்ப்புக்காகக் காத்திருக்காது. இந்த இடைவெளிக்காகத்தான் நீதிமன்றங்கள் இடைக்கால ஆணை என்ற ஒன்றை வைத்திருக்கின்றன. 2025-ல் அமெரிக்க அரசு ஊழியர்களுக்கு நடந்ததைப் பார்த்தால், இந்த ஆணையின் பலமும் பலவீனமும் புரியும்.

அதற்கு முன் 1974-க்குப் போக வேண்டும். தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண் ஊழியரை அரசு நீக்க முயன்றது. கீழ் நீதிமன்றம் தடை போட்டது. சாம்ப்சன் எதிர் மர்ரே என்ற அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிவிட்டது. காரணம் எளிமையானது. ஜெயித்தால் நிலுவைச் சம்பளம் கிடைத்துவிடும். பணத்தால் ஈடுகட்டக்கூடிய நஷ்டத்துக்கு அவசரத் தடை எதற்கு? "ஈடு செய்ய முடியாத இழப்பு" இருந்தால்தான் தடை என்ற விதி, அரசு வேலை வழக்குகளில் அன்றே இறுகிவிட்டது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2025 பிப்ரவரியில், டிரம்ப் அரசு தகுதிகாண் பருவ ஊழியர்களை ஆயிரக்கணக்கில் நீக்கியது. பலருக்குப் போன கடிதத்தில் "உங்கள் வேலை திருப்தியாக இல்லை" என்ற பொருளில் ஒரே மாதிரி வாசகம். மார்ச் 13 அன்று ஒரே நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி வில்லியம் அல்சப், ஆறு துறைகளில் நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுக்கச் சொன்னார். மற்ற துறைகளின் ஊழியர்களை நீக்கச் சொல்ல பணியாளர் மேலாண்மை அலுவலகத்துக்கு அதிகாரமே இல்லை என்பது அவர் வாதம். மேரிலாந்தில் நீதிபதி ஜேம்ஸ் பிரெடர், மாநிலங்களுக்கு 60 நாள் முன்னறிவிப்பு தரவில்லை என்று சொல்லி 18 துறைகளுக்கு ஆணையிட்டார்.

ஊழியர்கள் திரும்பினார்கள். ஆனால் பலருக்கு நாற்காலி கிடைக்கவில்லை. சம்பளத்தோடு கட்டாய விடுப்புதான். அதுவும் நாலு வாரம்கூட நிலைக்கவில்லை. ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் அல்சப்பின் ஆணையை நிறுத்திவைத்தது. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரெடரின் ஆணையை நிறுத்தியது. இரண்டிலும் பேசப்பட்டது வழக்குப் போட்டவர்களுக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பதுதான். நீக்கியது சரியா தப்பா என்ற கேள்வி தொடப்படவே இல்லை. சில துறைகள் அதே ஆட்களை இரண்டாம் முறையாக நீக்கின.

மே மாதம் இன்னொரு சுற்று. அரசு முழுக்க ஆட்குறைப்பு செய்யச் சொன்ன அதிபரின் உத்தரவுக்கு நீதிபதி சூசன் இல்ஸ்டன் தடை விதித்தார். ஜூலை 8-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையையும் நிறுத்தியது. மூன்றே நாளில் வெளியுறவுத் துறை 1,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை நீக்க அறிவிப்பு அனுப்பியது. அந்த அறிவிப்புகளைப் பிடித்து வைத்திருந்தது ஒரு இடைக்காலத் தடைதான் என்பது அன்று தெரிந்தது.

கதையின் கடைசிப் பக்கம்தான் மனதைச் சுடுவது. செப்டம்பரில் அல்சப் இறுதித் தீர்ப்பு தந்தார். பிப்ரவரி நீக்கம் சட்ட விரோதம் என்றார். ஊழியர் தரப்பு ஜெயித்துவிட்டது! ஆனால் வேலை? திரும்பச் சேர்க்கும்படி அவர் உத்தரவிடவில்லை. அதற்குள் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். துறைகளின் அமைப்பே மாறிவிட்டது. "வேலை சரியில்லாததால் நீக்கப்படவில்லை" என்று அவர்களுக்குக் கடிதம் தரச் சொன்னார். கிடைத்தது அந்தக் காகிதம்தான்.

தடை பயன்பட்ட இடமும் உண்டு. அக்டோபரில் அரசு முடங்கியபோது நடந்த ஆட்குறைப்புக்கு இல்ஸ்டன் மீண்டும் தடை போட்டார். நவம்பர் 12-ல் நிறைவேறிய சட்டம் அந்த ஆட்குறைப்பையே ரத்து செய்தது. அதாவது, தடை வாங்கிக் கொடுத்தது அவகாசம். மிச்சத்தைச் செய்தது நாடாளுமன்றம்.

சம்பளத்தைப் பின்னால் கொடுத்துவிடலாம் என்றது 1974 தீர்ப்பு. கணக்குப் புத்தகத்தில் அது சரிதான். ஆனால் ஏழு மாதம் போனபின் அந்த வேலையே மிஞ்சாது என்றால், அந்த இழப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?