பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் அறக்கொடையும் ஆட்சி மரபும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அறக்கொடை நெடுங்காலம் ஆள்வோர் பெயரைச் சார்ந்தே வளர்ந்தது. கொடுப்பவர் யாராயினும், கொடைக்கு உறுதி தந்தது அரசு.

பழுவேட்டரையர் ஆண்ட கீழையூர், மேலப்பழுவூர்க் கோயில்களின் கல்வெட்டுகள் இதற்கு நல்ல சான்று. கொடை குறுநிலத் தலைவருடையதாயினும் சோழ மன்னனின் பெயரும் ஆட்சியாண்டும் முன்னே நிற்கும். முதலாம் இராசராசன் காலத்தில் மெய்க்கீர்த்தியும் சேர்ந்தது. ஒருவர் ஒரேயொரு விளக்கு வைத்தாலும் மன்னன் வென்ற நாடுகளின் வரிசை அந்தக் கல்லில் ஏறிவிடும். சோழநாட்டு வழக்கப்படி நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள். அவற்றை ஏற்ற மன்றாடிகள் எனப்பட்ட இடையர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் பெருகுவதும் மடிவதும் அவர்கள் பொறுப்பு. கோயிலுக்குரிய எண்ணிக்கை குறையாது. அதனால்தான் இவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. சூரிய சந்திரர் உள்ளவரை தொடரவேண்டிய இந்த ஏற்பாடு மிக நுட்பமானது. முதல் அழியாமல் பயன் மட்டும் செலவாகும் வைப்புநிதி இது.

முதலாம் இராசேந்திரன் (1014-1044) கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டிய சோழகங்கம் ஏரியை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது. உழவருக்குப் பாசனம், மன்னனுக்குப் புகழ்: இரண்டும் ஒரே கரைக்குள் அடங்கின. இன்று அது பொன்னேரி.

பின்னாளில் அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையம் ஜமீன்தார்களும் கோயிலோடு புலவர்களையும் பாடகர்களையும் ஆதரித்தனர். கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையத்தில் போற்றப்பட்டார், உ. வே. சாமிநாதையரின் தந்தைக்கு அரியலூரில் ஆதரவு கிடைத்தது. இலையில் சோறும் மடியில் மானியமுமாக வாழ்ந்த அந்தக் கலைக்குடும்பங்களின் கதையைச் சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ விரிவாகச் சொல்கிறது.

1817-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம் அறக்கட்டளைகளைக் கிழக்கிந்தியக் கும்பினியின் வருவாய் வாரியத்தின்கீழ் வைத்தது. 1863-இல் அரசு விலகிக்கொண்டது. நீதிக்கட்சி ஆட்சி 1920-களில் அறநிலைய வாரியம் அமைத்ததும் கட்டளைகளுக்கு முறையான கணக்கும் தணிக்கையும் வந்தன. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. வள்ளல் இருந்த இடத்துக்கு அரசு வந்தது. பசித்தவருக்குச் சோறு இரக்கத்தால் கிடைப்பது என்ற நிலை மாறி உரிமையானது. காமராசர் தொடங்கிய மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய சத்துணவும் இம்மாற்றத்தின் படிகள்.

2002 முதல் கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டமும் நடக்கிறது. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி சமூகப் பொறுப்பு நிதி செலவிடுகின்றன.