சேவை நிலை இலக்கு

சேவை நிலை இலக்கு என்பது, ஒரு கணினிச் சேவை தன் பயனர்களுக்கு எந்த அளவு நம்பகமாக இயங்க வேண்டும் என்பதை எண்ணால் வரையறுக்கும் இலக்கு ஆகும். ஆங்கிலத்தில் இது சர்வீஸ் லெவல் ஆப்ஜெக்டிவ் எனவும், சுருக்கமாக எஸ்.எல்.ஓ. எனவும் வழங்கப்படுகிறது. வழங்கிகள், தரவுத்தளங்கள், பிணையங்கள் ஆகியவற்றை இரவு பகலாக இயக்கிப் பராமரிக்கும் தகவல் தொழில்நுட்ப இயக்கக் குழுக்கள் தம் பணியின் தரத்தை அளக்கவும், அடுத்து எப்பணியில் உழைப்பைச் செலுத்துவது என முடிவு செய்யவும் இவ்விலக்கைப் பயன்படுத்துகின்றன.

"சேவை வேகமாக இருக்க வேண்டும்", "பழுதுகளைக் குறைக்க வேண்டும்" என்பன விருப்பங்களே. அவை நிறைவேறினவா என்பதை யாராலும் உறுதியாகக் கூற முடியாது. "30 நாட்களில் வரும் உள்நுழைவுக் கோரிக்கைகளுள் 99.9% கோரிக்கைகளுக்கு ஒரு நொடிக்குள் சரியான விடை கிடைக்க வேண்டும்" என்பது இலக்கு ஆகும். எது அளக்கப்படுகிறது, எவ்வளவு இருந்தால் போதும், எக்காலத்துக்குள் கணக்கிடப்படுகிறது ஆகிய மூன்றும் இதில் அடங்கியுள்ளன.

தேவை

மென்பொருள் உருவாக்கும் குழுவின் பணி புதிய வசதிகளாகக் கண்ணுக்குத் தெரியும். இயக்கக் குழுவின் பணி நன்றாக நடக்கும்போது எதுவும் நிகழ்வதில்லை; பழுது ஏற்படும்போதே அக்குழு பிறர் கவனத்துக்கு வருகிறது. ஆகவே அளவீடு இல்லாத இடத்தில் இக்குழுவின் உழைப்பு, கடைசியாக நிகழ்ந்த பழுதைக் கொண்டே மதிப்பிடப்படும். மேலும், புதிய வசதிகளை விரைந்து வெளியிட விரும்பும் உருவாக்குநர்களுக்கும், மாற்றம் ஒவ்வொன்றையும் இடராகக் காணும் இயக்குநர்களுக்கும் இடையில் இயல்பாகவே முரண்பாடு உண்டு. இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்ட எண் ஒன்று இருப்பின், இம்முரண்பாட்டை வாக்குவாதமின்றித் தீர்க்க இயலும்.

வரலாறு

நம்பகத்தன்மைக்கு எண்ணால் இலக்கு வைக்கும் வழக்கம் இணையத்துக்கு முற்பட்டது. 1965 இல் ஐக்கிய அமெரிக்காவின் நியூ செர்சி மாநிலத்தில், சக்கசன்னா என்னும் ஊரில் சேவைக்கு வந்த பெல் நிறுவனத்தின் முதலாம் எண் மின்னணுத் தொலைபேசி இணைப்பகம், 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் செயலிழக்கக்கூடாது என்னும் இலக்குடன் வடிவமைக்கப்பட்டது. இது ஏறத்தாழ 99.9994% ஆகும்.

மேலாண்மைத் துறையில், பீட்டர் டிரக்கர் 1954 இல் வெளியிட்ட நூலின் வழியாக "இலக்குகளின்படி மேலாண்மை" என்னும் கருத்து பரவியது. 1981 இல் சார்ச் டோரன் என்பவர், நல்ல இலக்குக்குரிய ஐந்து பண்புகளை "ஸ்மார்ட்" என்னும் எழுத்துச் சுருக்கத்தால் குறித்தார். திட்டவட்டமாக இருத்தல், அளவிடத்தக்கதாக இருத்தல், பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கத்தக்கதாக இருத்தல், நடைமுறைக்கு ஏற்றதாக இருத்தல், காலவரம்பு உடையதாக இருத்தல் என்பன அவை.

1980களின் இறுதியில் பிரித்தானிய அரசின் முகமை ஒன்று வெளியிடத் தொடங்கிய ஐ.டி.ஐ.எல். வழிகாட்டி நூல்கள், சேவை நிலை மேலாண்மையைத் தகவல் தொழில்நுட்பப் பணியின் ஒரு பிரிவாக நிலைநிறுத்தின. 2005 இல் இத்துறைக்கான பன்னாட்டுச் சீர்தரமான ஐ.எசு.ஓ. 20000 வெளியானது. 2003 இல் கூகுள் நிறுவனத்தில் பென் டிரெய்னர் சுலாசு தொடங்கிய "தள நம்பகத்தன்மைப் பொறியியல்" குழு, சேவை நிலை இலக்கைத் தன் பணியின் மையமாகக் கொண்டது. அக்குழுவினர் எழுதிய நூல் 2016 இல் வெளிவந்த பின்னர் இம்முறை ஏனைய நிறுவனங்களிலும் பரவியது.

தொடர்புடைய மூன்று சொற்கள்

பின்வரும் மூன்று சொற்களும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுவது உண்டு.

- சேவை நிலைக் குறிகாட்டி: உண்மையில் அளக்கப்படும் அளவு. எ.கா: வெற்றியடைந்த கோரிக்கைகளின் விழுக்காடு.
- சேவை நிலை இலக்கு: அக்குறிகாட்டி எட்ட வேண்டிய மதிப்பு. எ.கா: 30 நாட்களில் 99.9%.
- சேவை நிலை ஒப்பந்தம்: வாடிக்கையாளருக்கு அளிக்கப்படும் உறுதிமொழி. இதை மீறினால் கட்டணத்தைத் திருப்பித் தருதல் போன்ற விளைவுகள் உண்டு.

ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைவிட உள் இலக்கு சற்றுக் கடுமையாக வைக்கப்படுவது வழக்கம். ஒப்பந்தம் மீறப்படுவதற்கு முன்னரே குழு விழித்துக்கொள்ள இந்த இடைவெளி உதவுகிறது.

கிடைக்கும் தன்மையும் ஒன்பதுகளும்

பயனர் நாடும் நேரத்தில் சேவை இயங்கும் விகிதம் கிடைக்கும் தன்மை எனப்படும். இது பெரும்பாலும் "ஒன்பதுகளின்" எண்ணிக்கையால் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு நிலையிலும் அனுமதிக்கப்படும் தடை நேரம் வருமாறு:

- 99%: 30 நாட்களில் 7 மணி 12 நிமிடம், ஆண்டில் 3 நாள் 15 மணி 36 நிமிடம்
- 99.9%: 30 நாட்களில் 43 நிமிடம் 12 நொடி, ஆண்டில் 8 மணி 45 நிமிடம்
- 99.99%: 30 நாட்களில் 4 நிமிடம் 19 நொடி; ஆண்டில் 52 நிமிடம் 34 நொடி
- 99.999%: 30 நாட்களில் 26 நொடி, ஆண்டில் 5 நிமிடம் 15 நொடி

நான்கு ஒன்பதுகளை இலக்காகக் கொண்டால், உறக்கத்தில் இருக்கும் பொறியாளரை எழுப்பி, அவர் கணினியைத் திறப்பதற்குள் அம்மாதத்துக்கான நேரம் தீர்ந்துவிடும். எனவே அந்நிலையில் மனிதத் தலையீடின்றித் தானாகவே மாற்று வழங்கிக்கு மாறும் அமைப்பு இன்றியமையாதது. ஒன்பது ஒன்று கூடும்போது செலவும் பெரிதும் கூடுகிறது.

ஒரு சேவை பிற சேவைகளைச் சார்ந்திருந்தால் அவற்றின் பழுதுகளும் சேர்ந்துகொள்கின்றன. தனித்தனியே 99.9% கிடைக்கும் மூன்று அமைப்புகள் ஒருங்கே இயங்கினால்தான் ஒரு சேவை நடக்கும் எனில், அச்சேவைக்கு எதிர்பார்க்கத்தக்கது ஏறத்தாழ 99.7% மட்டுமே. இது 30 நாட்களில் 2 மணி 9 நிமிடத் தடைக்குச் சமம்.

கிடைக்கும் தன்மையை உயர்த்த இரு வழிகள் உண்டு: பழுதுகளை அரிதாக்குதல், பழுதை விரைந்து நீக்குதல். சராசரியாக 500 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதடைந்து, 1 மணி நேரத்தில் சீராகும் அமைப்பு 99.8% கிடைக்கிறது. பழுதில்லாக் காலத்தை 1,000 மணியாக இரட்டித்தாலும், சீராக்கும் நேரத்தை 30 நிமிடமாகக் குறைத்தாலும் கிடைக்கும் விளைவு ஒன்றே: 99.9%. இரண்டாவது வழியே பல வேளைகளில் எளிதானது.

சராசரியும் நூற்றுமானமும்

விடை நேரத்தைச் சராசரியால் அளப்பது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். 100 கோரிக்கைகளில் 95 கோரிக்கைகளுக்கு 0.1 நொடியிலும், 5 கோரிக்கைகளுக்கு 6 நொடியிலும் விடை கிடைப்பதாகக் கொள்வோம். சராசரி 0.395 நொடி மட்டுமே. அட்டவணையில் இது நல்ல எண்ணாகவே தோன்றும். ஆனால் 6 நொடி காத்திருந்த ஐவரின் துன்பம் அதில் மறைந்துவிடுகிறது. ஆகவே "99 ஆம் நூற்றுமானம் ஒரு நொடிக்குள்", அதாவது நூற்றில் 99 கோரிக்கைகளுக்கு ஒரு நொடிக்குள் விடை, என இலக்கு வைக்கப்படுகிறது. எஞ்சும் ஒரு விழுக்காட்டையும் சிறிதெனக் கொள்ள இயலாது. ஒரு பக்கத்தைக் காட்ட 20 கோரிக்கைகள் தேவைப்பட்டு, ஒவ்வொன்றும் தாமதமாக 1% வாய்ப்பு இருந்தால், அவற்றுள் ஒன்றேனும் தாமதமாகும் வாய்ப்பு ஏறத்தாழ 18% ஆகும்.

பிழை ஒதுக்கீடு

இலக்கு 99.9% எனில், எஞ்சிய 0.1% பிழை ஒதுக்கீடு எனப்படும். மாதத்துக்கு 1 கோடி கோரிக்கைகள் பெறும் சேவையில் 10,000 கோரிக்கைகள் தோல்வியடையலாம் என்பது இதன் பொருள். ஒதுக்கீடு மீதம் உள்ளவரை உருவாக்குநர்கள் புதிய மாற்றங்களைத் தயக்கமின்றி வெளியிடலாம். அது தீர்ந்துவிட்டால், புதிய வெளியீடுகளை நிறுத்தி நம்பகத்தன்மையைச் சீராக்கும் பணிக்கு முன்னுரிமை தரப்படும். இவ்விதி முன்னரே எழுதப்பட்டு, மேலாளர்களாலும் ஏற்கப்பட்டிருத்தல் வேண்டும். விளைவு ஏதும் இல்லாத இலக்கு வெறும் அறிக்கையாகவே எஞ்சும்.

இலக்கைவிட மிகுதியான நம்பகத்தன்மையும் சிக்கலைத் தரலாம். கூகுள் நிறுவனத்தின் சப்பி என்னும் உட்சேவை அரிதாகவே பழுதடைந்ததால், அது ஒருபோதும் நிற்காது என்னும் எண்ணத்தில் பிற சேவைகள் வடிவமைக்கப்பட்டன. எனவே, ஒரு காலாண்டில் அதன் கிடைக்கும் தன்மை இலக்குக்குக் கீழே இறங்காவிடில், வேண்டுமென்றே அச்சேவையைச் சிறிது நேரம் நிறுத்தும் வழக்கத்தை அதன் பொறியாளர்கள் ஏற்படுத்தினர்.

எங்கே அளப்பது: இரு நிகழ்வுகள்

இலக்கு சரியாக இருந்தும் அளக்கும் இடம் தவறாக இருந்தால் பயனில்லை என்பதை 2017 இல் நிகழ்ந்த இரு நிகழ்வுகள் காட்டுகின்றன. இரண்டைப் பற்றியும் அந்நிறுவனங்களே விரிவான விளக்கங்களை வெளியிட்டன.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக நீக்கிவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடியபோது, நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட பிரதிகள் எவையும் இல்லை என்பது தெரியவந்தது. மென்பொருள் பதிப்புகள் பொருந்தாமையால் அப்பணி தோல்வியடைந்து வந்தது. தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் பெறும் இடத்தில் மறுக்கப்பட்டு வந்தன. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்னர் வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்ட பிரதியைக் கொண்டே சேவை மீட்கப்பட்டது. இடைப்பட்ட நேரத்தின் தரவுகள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 திட்டங்களும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டதாக அந்நிறுவனம் மதிப்பிட்டது. "காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா" என்பதைவிட "அப்பிரதியிலிருந்து மீட்க முடிந்ததா" என்பதே அளக்கப்பட வேண்டியது.

2017 பெப்ரவரி 28 அன்று அமேசான் நிறுவனத்தின் எசு3 சேமிப்புச் சேவையில், சில வழங்கிகளை விலக்குவதற்கான கட்டளையில் ஏற்பட்ட உள்ளீட்டுப் பிழையால் மிகுதியான வழங்கிகள் விலக்கப்பட்டன. வடக்கு வர்சீனியா வட்டாரத்தில் அச்சேவை ஏறத்தாழ 4 மணி நேரம் தடைப்பட்டது. சேவைகளின் நிலையைப் பொதுமக்களுக்குக் காட்டும் பலகையின் நிருவாகப் பகுதியே எசு3 சேவையைச் சார்ந்திருந்தமையால், முதல் 2 மணி நேரம் அப்பலகையில் சேவைகளின் நிலையைத் திருத்த முடியவில்லை. அளக்கும் கருவியும் அறிவிக்கும் கருவியும் அளக்கப்படும் சேவையைச் சாராதிருத்தல் வேண்டும்.

இலக்கை வகுக்கும் முறை

1. பயனருக்கு இன்றியமையாத செயல்களை முதலில் பட்டியலிட வேண்டும். உள்நுழைதல், பணம் செலுத்துதல், கோப்பைச் சேமித்தல் போன்ற மூன்று அல்லது நான்கு செயல்கள் போதும்.
2. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு குறிகாட்டியைத் தெரிவு செய்து, இயன்றவரை பயனருக்கு அண்மையில் அளக்க வேண்டும். வழங்கி இயங்குகிறது என்பது, பயனருக்கு விடை கிடைத்தது என்பதற்குச் சான்று ஆகாது.
3. எண்ணை முடிவு செய்வதற்கு முன் சில வாரங்களேனும் தற்போதைய நிலையை அளந்து பார்க்க வேண்டும்.
4. 100% என்பதை இலக்காக வைக்கக்கூடாது. பயனரின் இணைய இணைப்பே அந்த அளவு நம்பகமானதன்று.
5. தரவு இழப்புக்கும் மீட்பு நேரத்துக்கும் தனி இலக்குகள் வேண்டும். எத்தனை நிமிடத் தரவை இழக்கலாம், எத்தனை மணி நேரத்தில் மீள வேண்டும் என்பவற்றை மீட்பு ஒத்திகை நடத்தி அளக்க வேண்டும்.
6. இலக்கு தவறினால் என்ன செய்வது என்பதையும், அதற்குப் பொறுப்பு யார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.
7. குறித்த கால இடைவெளியில் இலக்குகளை மீளாய்வு செய்ய வேண்டும்.

குழுவின் சுமைக்கும் இலக்கு வைக்கலாம். கூகுள் குழுவினரின் நூல், கைவேலையாகத் திரும்பத் திரும்பச் செய்யும் பணிகள் பொறியாளரின் நேரத்தில் 50% ஐ மீறக்கூடாது எனவும், 12 மணி நேர அழைப்புப் பணியில் இரண்டுக்கு மேற்பட்ட பழுது நிகழ்வுகள் வரக்கூடாது எனவும் கூறுகிறது. நாள்தோறும் இரவில் எழுப்பப்படும் குழு, சேவையின் இலக்கை எட்டினாலும் நெடுநாள் நீடிக்காது.

விமர்சனங்களும் வரம்புகளும்

பிரித்தானியப் பொருளியலாளர் சார்லசு குட்கார்ட்டு 1975 இல் முன்வைத்த கருத்து, குட்கார்ட்டின் விதி என அறியப்படுகிறது. ஓர் அளவையே இலக்காக்கினால் அது நல்ல அளவாக நீடிப்பதில்லை என்பது அதன் சாரம். மூடப்பட்ட டிக்கெட்டுகளின் எண்ணிக்கையை இலக்காக வைத்தால், சிக்கல் தீராமலேயே டிக்கெட்டுகள் மூடப்படும். பழுது நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதை இலக்காக வைத்து, அதை ஊதிய உயர்வுடன் இணைத்தால், பழுதுகள் குறைவதற்கு மாறாக அவற்றைப் பதிவு செய்யும் வழக்கமே குறையும். எனவே சேவை நிலை இலக்கைத் தனி ஊழியரை மதிப்பிடும் கருவியாகக் கொள்வது பொருந்தாது. அது சேவையை அளப்பதற்கு உரியது.

ஒற்றை எண் எல்லாவற்றையும் காட்டிவிடாது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 30 நாட்களில் 43 நிமிடத் தடை என்பது, நாளுக்கு ஒன்றரை நிமிடமாகப் பரவியிருக்கலாம். கட்டணம் செலுத்தும் கடைசி நாளின் கடைசி மணியில் ஒரே தடையாகவும் நேரலாம். விழுக்காடு இரண்டிலும் ஒன்றே. பயனருக்கு அவை ஒன்றல்ல. ஆகையால் எண்களுடன் பயனர்களின் முறையீடுகளையும் சேர்த்தே படித்தல் வேண்டும். முறையீடுகள் பெருகியும் இலக்கு எட்டப்பட்டதாக அட்டவணை காட்டுமாயின், திருத்தப்பட வேண்டியது அந்த இலக்கே.

இவற்றையும் பார்க்க

- சேவை நிலை ஒப்பந்தம்
- கிடைக்கும் தன்மை
- காப்புப் பிரதி
- குட்கார்ட்டின் விதி
- நம்பகத்தன்மைப் பொறியியல்