போர்டுக்குள் இறங்கிய நியூட்ரல்

எங்கள் ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் வாசற்கதவை ஒட்டிய சுவரில் பெரிய ஸ்விட்ச் போர்டு ஒன்று இருக்கும். நாலைந்து ஸ்விட்ச், ஒரு ஃபேன் ரெகுலேட்டர், ஓரத்தில் ஐந்து ஆம்பியர் பிளக் ஒன்று. கோயம்புத்தூரில் இரண்டு தலைமுறையாக வயரிங் வேலை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. புது வீடு கட்டுகிறவர்கள் இப்போது வந்து, எல்லா விளக்கையும் செல்போனிலேயே போட்டு அணைக்க வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது என்கிறார்கள். எந்தக் கம்பெனி ஸ்விட்ச் என்பது பிறகு. எந்தெந்த போர்டில் பிளக் வருகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பிளக் உள்ள போர்டில் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அந்தப் பிளக் அங்கே வந்த கதை பழையது.

1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய கரண்ட் கோவைப் பஞ்சாலைகளை வளர்த்தது. வீடுகளுக்கு மெல்லத்தான் வந்தது. கூடத்துக்கு ஒரு பல்பு என்பதே பெரிய காரியம். ஐம்பதுகளில் அப்பா ஹெல்பராகச் சேர்ந்தபோது பழைய பங்களாக்களில் மரக் கேசிங்குக்குள் ரப்பர் உறை போட்ட கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. புது வீடுகளுக்குத் தேக்கு ரீப்பர் வயரிங். சுவரில் ஓட்டை போட்டு மரக்கட்டை இறக்கி, அதன்மேல் ரீப்பரைத் திருகி, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு கிளிப் அடித்து, கம்பியை அதற்குள் மடக்க வேண்டும். ரீப்பர் நூல் பிடித்த மாதிரி போகாவிட்டால் அந்தக் கோணல் வீட்டுக்காரர் கண்ணில் ஆயுள் முழுக்க உறுத்தும். அப்பா கட்டிய ரீப்பர் வரிசைகளைச் சில பழைய வீடுகளில் நான் பார்த்திருக்கிறேன். வார்னிஷ் போய்விட்டது, நேர்கோடு போகவில்லை.

ஒவ்வொரு ஸ்விட்சும் அப்போது தனித்தனி வட்டக் கட்டைமேல் உட்கார்ந்திருந்தது. பீங்கான் அடி, பித்தளை மூடி, நடுவில் ஒரு குமிழ். கீழே தள்ளினால் எரியும். டக்கென்ற சத்தம் அடுத்த அறைக்கும் கேட்கும். அது உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் சத்தம். தொடுமுனைகள் மெதுவாகப் பிரிந்தால் நடுவில் பொறி நீண்டு நின்று உலோகத்தைத் தின்றுவிடும். கை எவ்வளவு மெதுவாக அசைந்தாலும் முனைகள் சட்டென்று விலகியாக வேண்டும். அதற்கு இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜான் ஹென்றி ஹோம்ஸ் 1884இல் வழி கண்டார். இன்றைய மாடுலர் ஸ்விட்சின் டக் சத்தத்துக்குப் பின்னாலும் இருப்பது அதே தேவைதான். இத்தனை காலம் மனிதர்கள் நம்பி விரல் வைத்த பொருள் அது. அதைப் பிடுங்கிவிட்டு ஆப்பில் மட்டும் விளக்கு எரிந்தால் போதும் என்று கேட்பவர்களோடு நான் வாதாடாமல் விடுவதில்லை. எண்பது வயதுப் பாட்டி இருட்டில் தடவினால் ஸ்விட்ச் கையில் தட்டுப்பட வேண்டும்.

அந்த நாளைய ஸ்விட்சுக்கு இரண்டே கம்பிகள். பேஸ் ஒன்று, பல்புக்குத் திரும்பிப் போவது ஒன்று. நியூட்ரல் மேலேயே ஜங்ஷன் பாக்ஸ் வழியாக ஹோல்டருக்குப் போய்விடும். ஸ்விட்ச் வெட்டுவது பேஸை. நியூட்ரலால் அதற்கு ஒரு காரியமும் இல்லை. கூலி பாயிண்ட் கணக்கு, கம்பியோ விலை கூடிய சரக்கு. தேவையில்லாத இடத்துக்கு மூன்றாவது கம்பியை யார் இறக்குவார்கள்?

1957இல் மெட்ராஸ் மாநில மின்சார வாரியம் அமைந்தது. விவித பாரதி ஒலிக்கத் தொடங்கியதும் அதே வருஷம். வால்வு ரேடியோ வாங்கிய வீட்டுக்குப் பிளக் வேண்டியிருந்தது. பின்னால் இஸ்திரிப் பெட்டி வந்தது, டேபிள் ஃபேன் வந்தது. பிளக்குக்கென்று தனி லைன் இழுக்க எல்லாரிடமும் பணம் இல்லை. சிதறிக் கிடந்த ஸ்விட்சுகளை ஒரே மரப்பெட்டியில் கூட்டி, அதன் ஓரத்திலேயே பிளக்கையும் வைத்துக் கொடுத்தோம் என்பார் அப்பா. பிளக் என்றால் நியூட்ரல் இல்லாமல் முடியாது. இப்படித்தான் அது கூரையடியிலிருந்து போர்டுக்குள் இறங்கியது. கம்பியையும் கூலியையும் மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1947இல் அங்கே செவ்வகமுனை 13 ஆம்பியர் பிளக்குக்குத் தரம் வகுத்தார்கள். பிளக்குகளுக்கு மட்டும் தனி வளையச் சுற்று போடும் வழக்கம் பரவியது. விளக்குச் சுற்று தனியாகப் பிரிந்துபோனது. நாம் உருண்டைமுனை 5, 15 ஆம்பியர் பிளக்குகளையே வைத்துக்கொண்டோம். சின்னதை விளக்கு ஸ்விட்சோடு சேர்த்தே வைத்தோம். அதனால் லண்டனில் பழைய வீட்டுக்காரர் இன்று நியூட்ரல் கேட்கும் ஸ்மார்ட் ஸ்விட்ச் வாங்கி வந்து பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் உள்ளே நியூட்ரல் இருக்காது. அமெரிக்க மின் விதிகளே 2011 பதிப்பில்தான் ஸ்விட்ச் பெட்டிக்கு நியூட்ரலைக் கட்டாயம் ஆக்கின. நம் வீடுகளுக்கு ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் அதை எப்போதோ கொண்டுவந்துவிட்டன.

நான் அப்பாவோடு வேலைக்குப் போகத் தொடங்கியது எழுபதுகளின் கடைசியில். செம்புத் தட்டுப்பாட்டால் வந்த அலுமினியக் கம்பிதான் பெரும்பாலும். அலுமினியம் திருகுக்கு அடியில் நசுங்கும், தளரும், சூடேறிக் கருகும். அந்தக் காலத்து வீட்டில் ஸ்விட்சுக்குப் பின்னால் பொருத்தும் ஸ்மார்ட் மாடுல் வைக்கச் சொன்னால், அந்தப் பணத்தில் முதலில் கம்பியை மாற்றுங்கள் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் போர்டு விசாலம். மரப்பெட்டி, மேலே ஹைலம் ஷீட், அதில் அறுத்துப் பொருத்திய பியானோ ஸ்விட்சுகள். திருகைக் கழற்றினால் கை முழுக்க உள்ளே போகும். பிறகு பிவிசி குழாய் வந்தது. தளத்துக்கு இரும்புக் கம்பி கட்டியதுமே குழாய் போட்டு, சுவரில் காடி வெட்டிக் கீழே இறக்கினோம். தொண்ணூறுகளில் மாடுலர் பிளேட் வந்தது. சுவர் அழகானது, பெட்டியின் இடம் சுருங்கியது.

2008க்குப் பிறகு வந்த மின்வெட்டு வருஷங்களில் தெருவுக்குத் தெரு இன்வர்ட்டர். ஒரே பெட்டிக்குள் ஈபி பேஸ் ஒன்று, இன்வர்ட்டர் பேஸ் ஒன்று. அவசரத்தில் நியூட்ரல்களைக் கண்டபடி சேர்த்து முடிந்துவிட்டார்கள். ஒரு சுற்றின் பேஸும் இன்னொரு சுற்றின் நியூட்ரலும் கலந்தால் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் டிரிப் ஆகிவிடும். ஸ்மார்ட் மாடுல் சரியில்லை என்று என்னைக் கூப்பிடும் வீடுகளில் பல சமயம் தப்பு அந்த முடிச்சில்தான் இருக்கிறது.

மாடுல் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு சின்ன ரிலே, அதற்குக் கட்டளை கொடுக்க ஒரு வைஃபை சிப். 2014 வாக்கில் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 மலிவாகக் கிடைத்த பிறகே இது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது. விளக்கு அணைந்திருக்கும்போதும் மாடுல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குப் பேஸும் நியூட்ரலும் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் ஓடும் வகையும் விற்கிறார்கள். அது பல்பு வழியாகவே கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொள்ளும். நாற்பது வாட் குண்டு பல்புக்கு அது உறைக்காது. எல்இடி சில சமயம் அணைத்த பிறகும் மினுங்கும்.

ஆகவே பணம் குறைவு என்பவர்களுக்கு நான் சொல்வது இது. சாதாரண மாடுலர் ஸ்விட்சே இருக்கட்டும், மாடுல் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளட்டும். மாடுல் செத்தாலும் ஸ்விட்சை நேராகக் கட்டி விளக்கை எரிய வைத்துவிடலாம். பெட்டி ஆழமானதாக இருக்க வேண்டும்; இரும்புப் பெட்டி வைஃபையை மறைக்கும் என்பதால் பிவிசி. பாத்ரூமுக்கும் ஸ்டோருக்கும் ஸ்மார்ட் எதற்கு? தண்ணி மோட்டாரைச் சின்ன ரிலேயில் கட்டவே கூடாது, தொடுமுனை ஒட்டிக்கொள்ளும். அதற்கு கான்டாக்டர் வேண்டும்.

பழைய வழக்கம் இன்னும் விடாத இடம் படிக்கட்டும் கட்டில் ஓரமும். அங்கே டூ-வே ஸ்விட்சுக்குச் சின்னப் பெட்டிதான், பிளக் கிடையாது. எனவே நியூட்ரலும் வருவதில்லை. சூலூர்ப் பக்கம் ஓர் இளம் தம்பதியின் வீட்டுக்கு இப்போது வேலை நடக்கிறது. வயர் இழுக்கும்போதே அந்தப் பெட்டிகளுக்கெல்லாம் அதே சுற்றின் கறுப்பு நியூட்ரல் கம்பி ஒன்றைக் கூடுதலாக இழுத்து, முனையை கனெக்டரில் மூடி, பின்னால் மடக்கி வைக்கப் பையன்களிடம் சொல்லியிருக்கிறேன். ஹாலுக்கும் போர்ட்டிகோவுக்கும் மட்டும் இப்போது மாடுல். மற்றதெல்லாம் வீட்டுக் கடன் கொஞ்சம் அடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணே முடிவு செய்துவிட்டாள்.