உஸ்பெகிஸ்தான்: டாலருக்கு இரண்டு விலை இருந்த நாடு

புகாரா, சமர்கந்து நகரங்களால் நாம் நன்கறிந்த நாடு உஸ்பெகிஸ்தான். 1991-ல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்ற பின்னும், கால் நூற்றாண்டுக் காலம் அதன் பொருளாதாரக் கடிவாளம் அரசின் கையிலேயே இருந்தது.

அங்கு டாலருக்கு இரண்டு விலைகள். 2017 ஆகஸ்டில் அரசு விலை சுமார் 4,200 சோம். கள்ளச் சந்தையில் ஏறத்தாழ இரு மடங்கு. அரசு விலையில் டாலர் வாங்க அனுமதி வேண்டும். செல்வாக்கு உள்ளவர்களுக்கே அது எளிதில் கிடைத்தது. ஏற்றுமதியாளர்களோ தாங்கள் ஈட்டிய அந்நியச் செலாவணியில் 25 சதவீதத்தை அரசு விலைக்கே விற்றாக வேண்டும். லாபத்தை டாலராக மாற்றுவதே பெரும்பாடு என்றால், அங்கே யார் முதல் போடுவார்கள்?

2016-ல் அதிபர் கரீமோவ் மறைந்தபின் பொறுப்பேற்ற மிர்சியோயெவ், 2017 செப்டம்பரில் இக்கட்டுப்பாடுகளை நீக்கினார். அரசு விலை ஒரே நாளில் சுமார் 8,100 சோம் ஆனது. சாதாரண வியாபாரிக்கு டாலர் முன்பே ஏறக்குறைய அந்த விலைதான். சலுகை பெற்று வந்தவர்களே அதிகம் இழந்தார்கள். ஆனாலும் விலைவாசி உயர்வு மக்களைச் சுடவே செய்தது.

2018-ல் தொழில் நிறுவனங்கள் மீதான பெரும்பாலான சோதனைகள் இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கப்பட்டன. 2020-ல் விவசாயிகள் இவ்வளவு பருத்தி தந்தாக வேண்டும் என்ற அரசின் கட்டாய ஒதுக்கீடும் ஒழிந்தது.

வங்கித் துறையில் அரசு வங்கிகளின் ஆதிக்கம் இன்னும் தொடர்கிறது. எனவே பாதி வழியே கடந்திருக்கிறார்கள். சிலருக்குச் சலுகை தருவதைவிட, எல்லோருக்கும் ஒரே விதி என்ற நம்பிக்கையே முதலீட்டை அழைத்து வரும் என்பதை நாம் இங்கே பார்க்கிறோம்.