கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவர்

1719 ஏப்ரல் 25 அன்று லண்டனில் ‘ராபின்சன் குரூசோ’ வெளிவந்தபோது அதன் முகப்பில் டேனியல் டீஃபோவின் பெயர் இல்லை. யார்க் நகரத்து மாலுமி தாமே எழுதிய வரலாறு என்றுதான் போட்டிருந்தது. டீஃபோவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. வணிகர், கடனாளி, பத்திரிகையாளர், அரசாங்க ஒற்றர் என்று எல்லாமாக இருந்து பார்த்தவர். இப்படியொரு நாவல் மட்டும் எழுதியதில்லை. இந்தக் கலை அவருக்கு எங்கிருந்து வந்தது? அலெக்சாண்டர் செல்கிர்க்கிடமிருந்து என்பார்கள். ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாகக் கிடந்து, 1709இல் மீட்கப்பட்ட ஸ்காட்லாந்து மாலுமி அவர். ஆனால் அவருடைய கதை 1712, 1713லேயே அச்சேறி, லண்டனில் பேனா பிடித்த யாருக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அதை நாவலாக்கியவர் ஒருவர்தான். எனவே கதைக்கருவை விட்டுவிட்டு, கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையை அவர் எங்கே பழகினார் என்று தேடுவதே சரி.

1702 டிசம்பரில் பெயரில்லாத துண்டுநூல் ஒன்று வந்தது. இங்கிலாந்துத் திருச்சபையில் சேர மறுக்கும் புராட்டஸ்டன்டுகளின் போதகர்களைத் தூக்கிலிடுங்கள், கூடித் தொழுபவர்களை நாடுகடத்துங்கள் என்றது அது. எழுதிய டீஃபோவே அப்படிச் சேர மறுத்த குடும்பத்துப் பிள்ளை. தீவிரத் திருச்சபைக்காரர்களின் பேச்சை அவர்கள் குரலிலேயே கடைசிவரை கொண்டுபோய்க் காட்டி அவர்களைக் கேலிசெய்ய நினைத்தார். கேலி என்று யாருக்கும் படவில்லை. திருச்சபைக்காரர்களில் சிலர் மகிழ்ந்தார்கள், சொந்த மக்கள் நடுங்கினார்கள்; உண்மை தெரிந்ததும் இரு தரப்பும் சீறின. வளைந்த மூக்கு, வாயருகே மச்சம் என்று அடையாளம் சொல்லி, பிடித்துத் தருபவருக்கு 50 பவுண்டு தருவதாக அரசு விளம்பரம் செய்தது. 1703 ஜூலையில் மூன்று நாள், கழுத்தும் கையும் பலகையில் மாட்டப்பட்டுத் தெருவில் நின்றார். நையாண்டி எழுதுபவர் எங்காவது ஓரிடத்தில் தம் முகத்தைக் காட்டிவிட வேண்டும். டீஃபோ காட்டவில்லை. நையாண்டிக்கு அது பெரிய குறை. நாவலுக்கோ அதுதான் முதல் தேவை.

ஒரு துண்டுநூலை வைத்துப் பதினாறு ஆண்டு கழித்து வந்த நாவலை விளக்க முடியுமா என்று கேட்கலாம். இடைப்பட்ட காலத்தில் அவர் சும்மா இருக்கவில்லை. அந்த வழக்கில் அடைபட்ட சிறையிலிருந்து மீள உதவிய அரசியல்வாதி ராபர்ட் ஹார்லிக்காக 1706இல் எடின்பரோவில் ஒற்றராக இருந்தார். வணிகர்களிடம் கப்பல் தொழில் தொடங்கப்போகிறேன் என்றும், வழக்கறிஞர்களிடம் வீடு நிலம் வாங்க வந்திருக்கிறேன் என்றும் சொல்லிவந்ததாக அவரே ஹார்லிக்கு எழுதினார். பின்னர் எதிர்க்கட்சிப் பத்திரிகை ஒன்றுக்குள் புகுந்து, அரசுக்காக அதன் காரத்தைக் குறைத்தார். இந்தப் பத்திரிகை வேலையைப் பற்றி அவர் எழுதிய ரகசியக் கடிதங்கள் 1864இல் அகப்பட்டபோது அவருடைய அபிமானிகளுக்குத் தலைகுனிவுதான்.

அப்படியானால் நாவல் என்பது தேர்ந்த பொய்தானா? 1722இல் வந்த அவருடைய கொள்ளைநோய்க் குறிப்புகளை மட்டும் பார்த்தால் ஆம் என்றுகூடச் சொல்லலாம். 1665ஆம் ஆண்டுக் கொள்ளைநோயை நேரில் கண்ட சேண வணிகர் ஒருவர் பேசுவதுபோல் இருக்கும் அந்த நூலைப் பலர் நிஜமென்றே நம்பினார்கள். அந்த ஆண்டில் டீஃபோ சிறு பிள்ளை. ஆனால் அதே 1722இல்தான் ‘மால் ஃபிளாண்டர்ஸ்’ வந்தது. திருந்திவிட்டதாகச் சொல்லும் மால், வர்ஜீனியாவில் மகனுக்குத் தங்கக் கடிகாரம் ஒன்றைப் பரிசளிக்கிறாள். அது லண்டனில் ஒரு வழிபாட்டுக் கூடத்தில் திருடியது என்பதை நம்மிடம் மட்டும் சொல்கிறாள். சொல்லுக்கும் செயலுக்கும் நடுவே இப்படி வெளியே தெரியும் இடைவெளி ஒற்றருக்குத் தேவையில்லை, ஆபத்தும்கூட. இதை டீஃபோ அறிந்துதான் வைத்தாரா என்று விமர்சகர்கள் வாதிட்டு வருகிறார்கள். முகத்தைக் காட்டாததற்காகப் பலகையில் நின்றவர் இதை அறியாமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.