உப்பரிகையின் உறக்கம்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்பவர்கள் தாய்க்கொட்டாரத்தின் மரவேலைப்பாட்டை வியப்பார்கள். கண்ணாடிபோல் மின்னும் கரிய தரையை குனிந்து பார்ப்பார்கள். அந்த அரண்மனை நல்லுறக்கத்துக்கான ஏற்பாடும்கூட என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா உறக்கத்தின் விலையை அறிந்தவர். இளமையில் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்திருந்தார் என்கிறது மரபுக்கதை. 1750-இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்த அவர் எழுப்பிய உப்பரிகை மாளிகை நான்கு நிலைகள் கொண்டது. அடியில் கருவூலம், அதன் மேல் அரசரின் பள்ளியறை, அதற்கும் மேல் ஓய்வறை, உச்சியில், சுவரோவியங்கள் சூழ, இறைவனின் பள்ளியறை.

அரசரின் கட்டில் 64 மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்வது வழக்கம். அது எப்படியாயினும், மெய்யான மருந்து கட்டிலைச் சுற்றியிருக்கிறது. உறக்கம் கூடும்போது நம் உள்ளுடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி செல்சியஸ் இறங்குகிறது. கைகால்களின் தோலுக்குக் குருதி மிகுந்து பாய்ந்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. அறை புழுங்கினால் இந்த இறக்கம் தடைபடும். விழிப்புகள் பெருகி, ஆழ்ந்த உறக்கமும் கனவுறக்கமும் குறையும். குளிர்நாட்டு மருத்துவர்கள் 18 டிகிரியை ஒட்டிய அறையைப் பரிந்துரைக்கிறார்கள். கடலோர ஈரம் நிறைந்த நம் ஊரில் அது இயற்கையாக வாய்ப்பதில்லை. இங்கே வியர்வையை உலர்த்தும் காற்றோட்டமே கதி. தாழ்ந்திறங்கும் ஓட்டுக்கூரை வெயிலை மறிக்க, மர அழிகள் காற்றை மட்டும் உள்ளே விடுகின்றன. கூரையின் வெக்கையை முதலில் ஏற்பது இறைவனின் அறை. இரண்டு தளங்களுக்குக் கீழே அரசர் உறங்கினார்!

அந்த அரசுக்கு நெல் விளைவித்த நாஞ்சில் நாட்டு உழவர்களின் ஓலைக்குடிசையும் பகல் வெப்பத்தைச் சேமித்து வைக்காதது. ஆனால் அது மழையில் ஒழுகும். ஒரு பொறி பட்டால் எரியும். ஆகவே காங்கிரீட் கூரை வந்தபோது அதை விடுதலையாகவே வரவேற்றோம். பிழையில்லை. ஆனால் அக்கூரை பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரை அறைக்குள் கக்குகிறது. குளிர்சாதனம் வாங்க முடிந்தவர் சன்னலைச் சாத்திக்கொள்கிறார். முடியாதவர் மொட்டைமாடியில் பாய் விரிக்கிறார், அல்லது புரண்டு படுத்து விடியலில் வேலைக்குப் போகிறார்.

1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்தது. 1956-இல் கல்குளம் தமிழகத்துடன் இணைந்தது. அரசர்கள் போய்விட்டார்கள். காற்று இன்னும் அந்த அழிகளின் வழியே வந்துபோகிறது, ஆளில்லாத கட்டிலின் மேல்.