பெயருக்குள் ஒரு நாய்

சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இரண்டு பாகங்கள் கொண்டவை. ஒரு பாகம் ஒலியைக் காட்டும். மற்றது அந்தச் சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும். ஆறு, கடல் என்றால் நீரின் குறி இருக்கும். மர வகைகளுக்கு மரத்தின் குறி. இந்த வகைக்குறியை ராடிகல் என்கிறார்கள். கி.பி. 100 வாக்கில் சூ ஷென் என்ற அறிஞர் 540 குறிகளின் கீழ் எழுத்துகளைத் தொகுத்தார். 1716-இல் வந்த காங்சி அகராதியில் அவை 214. அதில் 94-வது, நாய்.

மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எலும்புக் கல்வெட்டுகளில் அது வால் சுருண்ட நாயின் படம். பிறகு எழுத்தின் இடப்பக்கம் ஒடுங்கி மூன்று கோடுகளாகிவிட்டது. ஓநாய், நரி, குரங்கு எல்லாம் இந்தக் குறியோடு எழுதப்படுகின்றன. வெறி, தந்திரம், குற்றமிழைத்தல் ஆகிய சொற்களும் அப்படியே.

இதுவரை இலக்கணம். இனிமேல்தான் அரசியல்.

தென்சீன மலைகளில் வாழ்ந்த யாவோ, சுவாங், லோலோ மக்களின் பெயர்களையும் பேரரசின் ஆவணங்கள் இதே நாய்க்குறியோடு எழுதின. தனியாக வசைபாட வேண்டிய தேவையே இல்லை. வரிக்கணக்கிலும் படையெடுப்பு அறிக்கையிலும் பெயரை எழுதும்போதே அவர்கள் விலங்கு வரிசையில் சேர்ந்துவிடுவார்கள். எழுதிய குமாஸ்தாவுக்கு வெறுப்பு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பெயரே வசையாக்கப்படுவது நமக்குப் புதிதல்ல, தோழர்களே.

“யாவோ மக்களே நாயை மூதாதையாக வணங்குகிறார்களே” என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். பகைத் தளபதியின் தலையைக் கொண்டுவந்து அரசகுமாரியை மணந்த பான்ஹு என்ற நாய் அவர்களின் தொன்மத்தில் இருக்கிறது. ஆனால் அது அவர்கள் பெருமையோடு சொல்லும் கதை. அதிகாரி எழுதும் குறியில் அந்தப் பெருமை இல்லை.

யாருக்கு எப்போது மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். பிரிட்டிஷாரைச் சீன ஆவணங்கள் ‘யி’ என்றன. காட்டுமிராண்டி என்ற தொனி உள்ள சொல். பீரங்கிக் கப்பல்களோடு வந்த பிரிட்டன் 1858 தியான்ஜின் உடன்படிக்கையின் 51-வது பிரிவில் அந்தச் சொல்லைத் தடை செய்ய வைத்தது. மலைமக்களிடம் பீரங்கி இல்லை; மேலும் எண்பது ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஜப்பானியப் படையெடுப்பால் தென்மேற்குக்கு ஒதுங்கிய குடியரசு அரசுக்கு அந்த மக்களின் ஆதரவு தேவைப்பட்டது. 1940 வாக்கில் நாய்க்குறியை எடுத்துவிட்டு மனிதக்குறி போட ஆணைகள் வந்தன.

1951 மே மாதம் புதிய மக்கள் அரசு, சிறுபான்மையினரை இழிவுபடுத்தும் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், கல்வெட்டுகளைக் கையாள உத்தரவிட்டது. யாவோவுக்கு ஜேட் கல்லைக் குறிக்கும் எழுத்து வந்தது. லோலோ என்பது போய், சடங்குக் கலத்தைக் குறிக்கும் ‘யி’ எழுத்து வந்தது. சுவாங் பெயரில் மனிதக்குறி இருந்தும் அந்த எழுத்துக்கு வேலைக்காரச் சிறுவன் என்ற பொருளும் உண்டு. 1965-இல் ‘வலிமை’ என்று பொருள்படும் எழுத்தாக அதை மாற்றினார்கள்.

இது வெற்றிதான். இன்று பள்ளிக்குப் போகும் யாவோ குழந்தை தன் பெயரில் நாயை எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த மக்களில் பலர் தங்களை ‘மியென்’ என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் அதன் பொருள் மனிதர்கள். அரசு நாயை எடுத்துவிட்டு ஜேட் கல்லைக் கொடுத்தது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இன்னும் வெளியேதான் நிற்கிறது.